படத்தில் இல்லாத காட்சி

திருப்பதி
12-8-2001

அன்புள்ள அக்கா,

நானும் பிரியங்காவும் இங்கே நன்றாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்? குவைத்தில் வெயில் ஐம்பதைத் தொட்டதாக டிவியில் சொன்னார்கள். மாடிக்குத் துணி காயப்போடப் போகும்போது தலையில் ஈரத்துணி கட்டிக்கொள். பிச்சாட்டூரில் நைனாவுக்குக் கால் வீக்கம் வற்றிவிட்டது. அம்மா மறுபடியும் நடவுக்குப் போகிறாள். வேண்டாம் என்றால் கேட்பதில்லை.

பிரியங்கா நாலாம் வகுப்பில் இரண்டாவது ரேங்க். முடி இடுப்புவரை வந்துவிட்டது. காலையில் பின்னிவிடுவதற்குள் எனக்குக் கை ஓய்ந்துவிடுகிறது. போன வாரம் பள்ளியில் பெற்றோர் கூட்டம் இருந்தது. நான் போய்வந்தேன். விசேஷமாக ஒன்றுமில்லை.

சனிக்கிழமை எங்கள் ஃபிலிம் சொசைட்டியில் ஒரு ஈரான் படம் போட்டார்கள். பெயர் ‘உப்பு ஏரி’. முப்பது பேர் வந்தோம், முடியும்போது பதினேழு பேர்தான் இருந்தோம். பாட்டு கிடையாது, பேச்சே அபூர்வம். ஒரு தாய், எட்டு வயதுப் பெண்ணைத் தன் தங்கையிடம் விட்டுவிட்டு, தெஹ்ரானில் ஒரு பணக்கார வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளப் போகிறாள். நாலு வருஷம். ஏரிக்கரையில் அந்தப் பெண் உப்பு அள்ளுகிறாள், பள்ளிக்கூடம் போகிறாள், வளர்கிறாள். கதை அவ்வளவுதான். நான் நடுவில் எழுந்து வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

நகரியிலிருந்து ‘எல்லைக்கல்’ பத்திரிகை நடத்தும் கோவர்த்தனன் சார் இந்தப் படத்துக்கு விமர்சனம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். ஆராய்ச்சி வேலைக்கு நடுவே எழுத வேண்டும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் தங்கை
ஹரிதா


குவைத்
9-9-2001

அன்புத் தங்கை ஹரிதாவுக்கு யமுனா எழுதுவது. ஏழுமலையான் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறேன். நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்கவேண்டும். எனக்கு வேலை எப்போதும்போலத்தான். கிழவிக்குக் கால் பிடித்துவிடுவது, சின்னது நூராவைக் குளிப்பாட்டி ஊட்டுவது, துணி, பாத்திரம்.

உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். ரேங்க் எழுதினாய், முடி எழுதினாய். பிரியங்கா என்ன பேசினாள் என்று ஒரு வரி இல்லை. முன்பெல்லாம் உன் கடிதத்துக்கு அடியில் அவள் இரண்டு வரி கிறுக்குவாள், பூ வரைவாள். இந்த வருஷம் அதுவும் இல்லை. உனக்கு வீடு வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் போனுக்குக் கூப்பிட்டால் தூங்குகிறாள் என்கிறாய். சாயந்திரம் ஆறு மணிக்கு என்னடி தூக்கம்?

கூட்டத்தில் டீச்சர் என்ன சொன்னார்கள் என்று எழுது. அப்புறம் அந்தப் படத்தில் அம்மா திரும்பி வந்தாளா? பெண் அவளை அடையாளம் கண்டுகொண்டாளா? முக்கியமானதை எழுதாமல் விட்டுவிட்டாயே.

நைனாவை உப்புக் குறைத்துச் சாப்பிடச் சொல். குழந்தைக்கு என் முத்தங்கள்.

யமுனா


திருப்பதி
4-10-2001

அன்புள்ள அக்கா,

நீ பத்திரமாக இருக்கிறாயா? அமெரிக்காவில் கட்டடங்கள் விழுந்ததிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. “யமுனாவ கெளம்பி வரச்சொல்லு, அந்தப் பக்கம் எல்லாம் சண்ட வருமாம், டீக்கடையில பேசிக்கினு இருக்காங்க” என்று வாரத்துக்கு இரண்டு தரம் பஸ் ஏறி இங்கே வந்துவிடுகிறாள். குவைத்துக்கு ஒன்றும் ஆகாது என்று நான் சமாதானம் சொல்கிறேன். எனக்கு யார் சொல்வது?

நீ கேட்டதற்குப் பதில். படத்தில் தாய் திரும்பி வருகிறாள், வீட்டுக் கதவில் கை வைக்கிறாள். படம் அங்கேயே முடிந்துவிடுகிறது. இது இயக்குநரின் கோழைத்தனம் என்று சென்னையில் ஒருவர் எழுதியிருக்கிறார். நான் அப்படி நினைக்கவில்லை. திறந்தால் உள்ளே என்ன இருக்கும் என்று அவருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

என் விமர்சனம் வந்துவிட்டது. அதைப் பாராட்டி இதுவரை ஆறு கடிதங்கள் வந்திருப்பதாகக் கோவர்த்தனன் சார் சொன்னார். இதழை உனக்கு அனுப்பவில்லை. தபாலில் கனம் அதிகம்.

அம்சவேணி டீச்சர் கூட்டத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப அன்பாகப் பேசினார். பிரியங்கா நன்றாகப் படிக்கிறாளாம். அவளுக்குப் பரீட்சை நேரம், அதனால் எழுதவில்லை.

சண்டைச் செய்தி ஏதாவது வந்தால் உடனே போன் செய்.

ஹரிதா


குவைத்
22-11-2001

அன்புத் தங்கைக்கு யமுனா. உடம்புக்கு ஒன்றுமில்லை. இங்கே சண்டையும் இல்லை, கடையெல்லாம் திறந்துதான் இருக்கிறது. அம்மாவிடம் சொல்.

நகரி ருக்மணி லீவு முடிந்து திரும்பி வந்தாள். அம்மா கொடுத்தனுப்பிய ஊறுகாய் வந்து சேர்ந்தது. பாட்டிலைச் சுற்றி உன் பத்திரிகையும் இருந்தது. நீ அனுப்பாததை அம்மா அனுப்பிவிட்டாள். உன் பெயர் அச்சில் வந்திருப்பதில் அவளுக்கு அவ்வளவு பெருமை. எனக்கும்தான். பக்கத்தைத் தடவிப் பார்த்தேன்.

பிறகு படித்தேன். நீ எழுதியதை அப்படியே எழுதுகிறேன்:

‘இந்தப் படத்தின் உச்சம் ஏரியும் அல்ல, கதவும் அல்ல. புதிதாக வந்த ஆசிரியை சிறுமியிடம் உன் அம்மா எங்கே என்று கேட்கிறாள். சிறுமி பென்சில் சீவுவதை நிறுத்தவில்லை. செத்துட்டாங்க என்கிறாள். துக்கமில்லை, கோபமில்லை. வெளியே மழை பெய்கிறது என்பதுபோலச் சொல்கிறாள். போனவள் திரும்பி வரும்போது அவளுடைய இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள் என்பது நமக்கு அப்போதே தெரிந்துவிடுகிறது.’

படிக்கும்போது அடுப்பில் பால் இருந்தது. பொங்கி வழிந்து தீய்ந்த பிறகு எஜமானி வந்துதான் அடுப்பை அணைத்தாள்.

படம்தானே ஹரி? யாரோ எழுதிக் கொடுத்ததை அந்தப் பெண் சொல்லுகிறாள், அவ்வளவுதானே? இன்னொன்று. இரண்டாவது ரேங்க் எடுத்த பெண்ணின் வீட்டாரிடம் டீச்சர் எதற்குக் கையைப் பிடித்துக்கொண்டு பேசவேண்டும்?

பிரியங்கா கையால் இரண்டு வரி வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

யமுனா


திருப்பதி
26-12-2001

அன்புள்ள அக்கா,

நலம். அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், காதுக்குத் துணி கட்டிக்கொள். பதில் தாமதமாகிவிட்டது. எனக்கு ஜுரம்.

படம்தான் அக்கா. நீ மனதைக் குழப்பிக்கொள்ளாதே.

அந்தக் காட்சியை வைத்து இப்போது ஒரு சண்டையே நடக்கிறது. வேலைக்குப் போகும் பெண்களைத் தண்டிப்பதற்கென்றே வைத்த காட்சி அது, படமே பிற்போக்கு என்று சென்னையிலிருந்து ஹேமநாத் என்பவர் இரண்டு பக்கம் எழுதினார். அந்த ஒரு சொல்தான் படத்தின் மனசாட்சி என்று வேலூரிலிருந்து ஒருவர் மூன்று பக்கம் பதில் எழுதினார். ஒரு கூட்டத்தில் அதை உரக்கப் படித்தார்களாம். இவ்வளவு தூரம் போகும் என்று நான் நினைக்கவில்லை.

பிரியங்கா எழுதியது இதோடு இருக்கிறது.

ஹரிதா

(இணைத்திருந்த தாள்)

அம்மா நலமா நான் நலம். இங்கு அனைவரும் நலம். நன்றாகப் படிக்கிறேன். இப்படிக்கு ர. பிரியங்கா, நான்காம் வகுப்பு ‘பி’ பிரிவு.


குவைத்
20-1-2002

ஹரிதாவுக்கு,

நான் சுகம். நீ ஜுரம் தெளிந்து எழுந்திருப்பாய் என்று நம்புகிறேன்.

பிரியங்கா தாள் வந்தது. ஹெட்மாஸ்டருக்கு லீவ் லெட்டர் எழுதுவதுபோல எழுதியிருக்கிறாள். பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இந்த வீட்டுக் கிழவியின் பூர்வீகம் ஈரான் என்று எப்போதோ எழுதியிருந்தேன். அவளுக்கு அங்கிருந்து கேசட்டுகள் வரும். போன வாரம் கால் பிடித்துக்கொண்டிருந்தேன். டிவியில் வெள்ளையாக ஒரு ஏரி, ஒரு பெண் உப்பு அள்ளுகிறது. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. முழுப்படமும் பார்த்தேன். பாஷை தெரியவில்லை, தெரியவேண்டியதும் இல்லை. டீச்சர் வருகிற இடம் எப்போது வரும், எப்போது வரும் என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மாக்காரி கதவில் கை வைத்தாள், முடிந்துவிட்டது.

மறுநாள் கிழவியிடம் இன்னொரு தரம் போடச்சொல்லிக் கெஞ்சினேன். போட்டாள். அந்தப் பெண் அம்மா செத்துவிட்டாள் என்று எங்கேயாவது சொல்கிறாளா என்று எனக்குத் தெரிந்த அரபியில் கேட்டேன். “இந்தப் பெண் எங்கே பேசுகிறது? எல்லோரும் போன பிறகு வாசலைப் பார்க்கிறது, அவ்வளவுதான்” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து ஒன்று கேட்டாள். நான் எழுந்து கேசட்டைப் பெட்டிக்குள் வைத்தேன்.

நீ எழுதியது படத்தில் இல்லை ஹரி. அப்படியானால் அதை எங்கே பார்த்தாய்?

யமுனா


நகரி
16-2-2002

அன்புள்ள ஹரிதாவுக்கு,

வணக்கம். தேர்வுத் தாள் திருத்தும் வேலைக்கு நடுவே எழுதுகிறேன். நலம்தானே? உங்கள் ஆய்வேடு முடியும் தறுவாயில் இருக்கும் என்று நினைக்கிறேன்.

சங்கடமான ஒரு செய்தி. பாண்டிச்சேரியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ‘உப்பு ஏரி’யை இரண்டு முறை பார்த்தவராம். நீங்கள் உச்சம் என்று எழுதிய காட்சி படத்தில் எங்குமே இல்லை என்கிறார். நமது ஃபிலிம் சொசைட்டிக்காரர்களைக் கேட்டேன். ‘இருந்ததாகத்தான் ஞாபகம்’ என்கிறார்கள். விமர்சனத்தைப் படித்த பிறகு வந்த ஞாபகமோ என்னவோ! ஐந்து மாதமாக இரண்டு பேர் அந்தக் காட்சிக்காக அடித்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் அச்சடித்துக்கொண்டிருக்கிறேன்.

பார்க்கும்போது தவறுவது மனித இயல்பு. உங்கள் விளக்கத்தை நாலு வரியில் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் போட்டுவிடுகிறேன். உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

என்றும் அன்புடன்
ப. கோவர்த்தனன்


குவைத்
28-2-2002

ஹரி,

ஐந்து வாரம் ஆயிற்று. மூன்று தரம் போன் செய்தேன். வீட்டில் யாரும் இல்லை என்கிறார் வீட்டுக்காரர். குழந்தை உயிரோடு இருக்கிறாளா? அதை மட்டுமாவது எழுது.

யமுனா


திருப்பதி
12-3-2002

அக்கா,

பிரியங்கா சுகமாக இருக்கிறாள். உடம்பில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருக்கிறாள். இதை முதலில் படித்துவிட்டு, உட்கார்ந்து மற்றதைப் படி.

போன ஆகஸ்ட் கூட்டத்தில் அம்சவேணி டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “பாவம்மா, தாயில்லாப் பொண்ணு. நீங்க இருக்கீங்களே, அதுவே போதும்” என்றார். எனக்குப் புரியவில்லை. “பிரியங்காவே சொன்னாளே, அம்மா செத்துட்டாங்கன்னு” என்றார். பென்சில் சீவிக்கொண்டே சொன்னாளாம்.

வரும் வழியில் கேட்டேன். “ஏண்டி அப்டி சொன்னே?”

“குவைட்ல இருக்காங்கன்னு சொன்னா, எப்ப வருவாங்க எப்ப வருவாங்கன்னு எல்லாரும் கேட்டுக்கினே இருக்காங்க. எனக்குத் தெரியல. செத்துட்டாங்கன்னு சொன்னா யாரும் கேக்கமாட்டாங்க” என்றாள்.

அடிக்கத்தான் நினைத்தேன். முடியவில்லை. அவள் சொன்னது சரியாக இருந்தது.

இதுவரைக்கும் குழந்தையின் தப்பு. இனி வருவது என்னுடையது. டீச்சரிடம் திரும்பிப் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்றிலிருந்து பள்ளிக்கூட வாசலில் அவள் என்னை அம்மா என்று கூப்பிடுகிறாள். மற்ற பிள்ளைகள் கேட்கவேண்டும் என்று கூப்பிடுகிறாள். முதல் நாள் திடுக்கிட்டேன். பத்தாவது நாள் அதற்காகக் காத்திருந்தேன். நீ போன் செய்தபோதெல்லாம் அவள் தூங்கவில்லை அக்கா. வரமாட்டேன் என்றாள், நானும் வற்புறுத்தவில்லை. உன் சம்பாத்தியத்தில் படித்து, உன் பெண்ணையும் எடுத்துக்கொண்டேன்.

படம் பார்த்துவிட்டு வந்து எழுத உட்கார்ந்தபோது இது தானாக வந்து விழுந்தது. உன்னிடம் சொல்ல முடியாததை ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டேன். ஈரான்காரர் தலையில் போட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன்.

அந்தக் காட்சி படத்தில் இல்லை, தவறு முழுவதும் என்னுடையது என்று கோவர்த்தனன் சாருக்கு எழுதிவிட்டேன். உனக்கு என்ன எழுதுவது என்றுதான் இத்தனை நாள் தெரியவில்லை.

மன்னித்துவிடு என்று எழுதக் கூசுகிறது.

ஹரிதா


குவைத்
27-3-2002

அன்புத் தங்கை ஹரிதாவுக்கு,

நான் சுகம். சாப்பிடுகிறேன், வேலை செய்கிறேன். நீ பயப்படாதே.

உன் கடிதத்தைக் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு படித்தேன். முதலில் உன்மேல் வந்த கோபத்தை எழுதினால் இந்தத் தாள் தாங்காது. இரண்டு நாள் அப்படியே இருந்தேன். மூன்றாம் நாள்தான் எனக்கு என் ஞாபகம் வந்தது.

உனக்கு நான் எழுதாத ஒன்று இருக்கிறது. சென்னையில் ஏஜெண்ட் என்னை உட்காரவைத்து, “பிள்ள இருக்குதுன்னு சொல்லாதம்மா. லீவு கேப்பாங்கன்னு வேணாம்னுடுவாங்க” என்றான். பெங்களூருக்கு லோடு ஏற்றிக்கொண்டு போன என் புருஷன் ரமணா அங்கேயே குடும்பம் வைத்துக்கொண்ட நேரம் அது. கையில் ஐந்து வயதுப் பெண், படித்துக்கொண்டிருந்த நீ. சரி என்றேன். இந்த வீட்டில் நாலு வருஷமாக யாருக்கும் தெரியாது. நூராவை ஆறு மாதத்தில் என் கையில் கொடுத்தார்கள். பிரியங்காவுக்குப் பாடியதையே பாடித் தூங்கவைத்தேன். பேச்சு வந்ததும் ஒருநாள் அது, உனக்குப் பாப்பா இருக்கா என்று கேட்டது. ‘மாஃபி’ என்றேன். இல்லை என்று அர்த்தம். படம் முடிந்தபோது கிழவியும் அதைத்தான் கேட்டாள்.

பிரியங்கா ஒரு தரம் சொன்னாள். நான் நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவளை நான் என்ன கேட்பது?

மே மாதம் ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிக்க வேண்டாம் என்று எஜமானியிடம் சொல்லிவிட்டேன். ஏன் என்றாள். ஊரில் எனக்கு ஒரு பெண் இருக்கிறாள், பெயர் பிரியங்கா, ஒன்பது வயது என்றேன். அவள் கோபமாக என்னமோ சொல்லிவிட்டுப் போனாள். நூரா மட்டும் பிரியங்கா, பிரியங்கா என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

நான் வருவதை அவளிடம் இப்போது சொல்லாதே. வேண்டாம், சொல்லிவிடு. தேதி சொல்லாதே. தேதி தவறிவிட்டால் மறுபடியும் பொய்யாகிவிடும்.

எனக்குப் பயமாக இருக்கிறது ஹரி.

யமுனா


திருப்பதி
23-6-2002

அன்புத் தங்கை ஹரிதாவுக்கு,

குப்பம் ஊர்ச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? புது வேலையில் ஏச்சுப்பேச்சு இல்லாமல் இருக்கிறாயா? நீ இங்கேயே இருந்தால் அவள் என் பக்கம் திரும்பமாட்டாள் என்றுதான் அவ்வளவு தூரத்தில் வேலை தேடிக்கொண்டாய் என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் ஏறிய பிறகு நீ எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. பிரியங்கா அன்று சாப்பிடவில்லை. இரண்டாம் நாள் சாப்பிட்டாள்.

‘எல்லைக்கல்’ வந்தது. உன் விளக்கம் நாலு வரி, கடைசிப் பக்கத்தில். அதற்கு அடுத்த பக்கத்திலேயே ஹேமநாத், காட்சி இல்லாவிட்டாலும் என் கருத்தில் மாற்றமில்லை என்று எழுதியிருக்கிறார். சிரிப்பு வந்தது.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். மூன்று வாரம் அவள் என்னை எப்படியும் கூப்பிடவில்லை. “உங்களுக்குத் தண்ணி வேணுமா?” என்பாள். வந்தவர்களைக் கேட்பதுபோல. நான் ஜடை பின்னினால் கண்ணாடியில் பார்த்துவிட்டு அவிழ்த்துத் தானே பின்னிக்கொள்வாள். நான் ரிப்பனை எடுத்துக் கொடுப்பேன்.

பள்ளி திறந்த அன்று நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் அம்சவேணி டீச்சர் நின்றுகொண்டிருந்தார். “ஹரிதா வரலையா? நீங்க யாரு?” என்று கேட்டார். பிரியங்காவைப் பார்த்தேன். முகத்தில் ரத்தமே இல்லை. என் முந்தானையைப் பிடிக்கவும் இல்லை, விலகவும் இல்லை. பிள்ளைகள் எல்லாம் சுற்றி நிற்கிறார்கள். அத்தனை பேர் எதிரில் அவளைப் பொய்க்காரியாக்க எனக்கு மனம் வரவில்லை. “பெரியம்மா” என்றேன். சொல்லிவிட்டு நடந்தேன். ரயில்வே கேட் வரைக்கும் எப்படி வந்தேன் என்று தெரியவில்லை.

சாயந்திரம் அழைத்துவரப் போனேன். அவள் முழங்கால் இரண்டும் சிவந்து மண் ஒட்டியிருந்தது.

“என்னம்மா முட்டி?”

“முட்டி போட வச்சாங்க.”

“ஏன்?”

“பொய் சொன்னதுக்கு.” குனிந்து முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள். “பெரியம்மா உன் ஜாடையாவே இருக்காங்களேன்னு டீச்சர் கேட்டாங்க. அது பெரியம்மா இல்ல, எங்க அம்மான்னு சொன்னேன். அப்ப ஏன் செத்துட்டாங்கன்னு சொன்னேன்னு முட்டி போட வச்சாங்க.”

அவள் நின்று என்னைப் பார்த்துக் கேட்டாள்: “நீ ஏன் பெரியம்மான்னு சொன்னே? நீயும்தான் பொய் சொன்னே. எனக்கு மட்டும் முட்டி. உனக்கு யாரும் போடச் சொல்லல.”

வந்த நாள் முதலாக அவள் என்னை ‘நீ’ என்றது அப்போதுதான்.

வீட்டுக்கு வந்ததும் கூடத்தில் நானும் முட்டி போட்டேன். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். “பெல் அடிக்கிற வரைக்கும்” என்றாள் கண்டிப்பாக. எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். குவைத்தில் நாலு வருஷம் தரை துடைத்த முட்டி ஹரி, சீக்கிரம் வலித்துவிடும். நான் அசையவில்லை. அவளுக்குத்தான் உதடு நடுங்க ஆரம்பித்தது. எழுந்து வந்து என் தோளைப் பிடித்துத் தூக்கினாள்.

“போதும்மா, எழுந்திரு” என்றாள்.

அந்த ‘மா’ எனக்குத்தானா, யாரிடமும் வாயில் வருகிற ‘மா’வா என்று தெரியவில்லை. நான் கேட்கவில்லை. எழுந்து அவளுக்குச் சோறு போட்டேன்.

தசராவுக்குக் கட்டாயம் வா. நீ வந்தால் அவள் உன்னிடம் ஓடுவாள். ஓடட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன். உடம்பைக் கவனி.

உன் அக்கா
யமுனா